ஒன்றும் காணவில்லை

கப்பலின் வயிற்றில் கனடாக் கோதுமை.
முதுகில் இரும்புத் தகட்டால் ஓர் ஓடுதளம்,
நானூறு அடிக்குச் சற்று மேல்.
அதில் நான்கு விமானங்கள்.
வணிகக் கப்பல் என்பதால்
எங்களையும் மாலுமிகளாக எழுதிக்கொண்டார்கள்:
மாதம் ஒரு ஷில்லிங், கூடவே பீர்.
ஒரு ஷில்லிங் இன்னும் வைத்திருக்கிறேன்.

வாள்மீன் என்று பெயர் அந்த விமானத்துக்கு.
வாளும் கிடையாது, மீனின் வேகமும் கிடையாது.
கம்பி, துணி, இரண்டடுக்கு இறக்கை.
எதிர்காற்றில் பறக்கையில்
கீழே போகிற கோதுமை முந்திவிடுமோ
என்று வெட்கமாயிருக்கும்.

முன்னால் பாஸ்கோ, ஓட்டுபவன், பென்சான்ஸ்காரன்.
பின்னால் ஹெஸ்லாப், வானொலியும் துப்பாக்கியும்.
நடுவே நான்,
கூரையற்ற தொட்டியில் நின்றபடி:
ஆக்ஸ்டபி, ஹல் நகரம், வயது இருபத்திரண்டு,
ஒரு வரைபடப் பலகை,
கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் பென்சில்.
பென்சில் விழுந்தால் மூவரும் விழுந்தோம்.

ஏனென்றால் கிளம்பிய இடம் அங்கே இருக்காது.
இரண்டரை மணி நேரத்தில்
கப்பல் இருபது மைல் போயிருக்கும்,
விளக்கில்லாமல், பேச்சில்லாமல்.
நுரைக்கோடுகள் சாய்ந்த பக்கம் பார்த்துக்
காற்றைக் கணக்கெடுத்து,
விரல் மரத்த பிறகு பென்சிலை முஷ்டியில் பிடித்து,
வீடு இப்போது எங்கே போயிருக்கும் என்று
கோடு போட வேண்டும்.

பார்ப்பதுதான் உத்தியோகம்.
சாம்பல் தண்ணீரில்
ஒரு குழாய் தலைநீட்டுகிறதா என்று.
பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம்.
செப்டம்பர் ஒன்பது: ஒன்றும் காணவில்லை.
செப்டம்பர் பத்து: ஒன்றும் காணவில்லை.
பதினொன்று, மூடுபனி, பறக்கவில்லை.
பன்னிரண்டு: ஒன்றும்.

"உங்கள் சத்தம் கேட்டால் அவன் முங்கிவிடுவான்,
முங்கியவன் குருடன்.
நீ காணாததுதானப்பா வெற்றி"
என்றார் மார்ச்பேங்க், எங்கள் தலைவர்.
அவர் சொன்னது சரி.
சரியான சொல்லை வைத்துக்கொண்டு
குளிர்காய முடியாது.

நவம்பரில் ஒரு மாலை கண்டேன்.
தண்ணீருக்கடியில், நீளமாக, கறுப்பாக.
பேசுகுழாயில் கத்தியது நான்தான்.
பாஸ்கோ மூக்கைத் தாழ்த்தினான்.
நான்கு குண்டுகள்.
கடல் நான்கு முறை எழுந்து நின்று உட்கார்ந்தது.
எண்ணெய் மிதந்தது. ஹெஸ்லாப் விசிலடித்தான்.
அப்புறம் சிவப்பு மிதந்தது.
பறவைகள் எங்கிருந்துதான் வந்தனவோ,
அதற்குள் வந்துவிட்டன.

திரும்பும் வழியில் குழாயில் மூச்சுச் சத்தம் மட்டும்.
அன்று என் கணக்கு அரை மைல்கூடப் பிசகவில்லை.
எழுதினேன்: திமிங்கிலம், ஒன்று. குண்டு, நான்கு.
மார்ச்பேங்க் வாசித்தார், கையெழுத்திட்டார்,
குண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமல்லவா.

பிப்ரவரியில் எனக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது.
என் இடத்தில் திரிங் ஏறினான்.
போகிற அவசரத்தில் என் பென்சிலைக் கேட்டான்,
கழற்றிக் கொடுத்தேன்.
ஹெஸ்லாப் கட்டைவிரலைக் காட்டியது ஞாபகம்.
பாஸ்கோ திரும்பிப் பார்க்கவில்லை,
அவன் எப்போதும் பார்க்கமாட்டான்.

மாலை தேடிப்போன விமானத்தில் நான் இருந்தேன்,
வீங்கிய கன்னத்துடன், கடன் வாங்கிய பென்சிலுடன்.
வெளிச்சம் இருந்தவரை பார்த்தேன்.
வெளிச்சம் போன பிறகும் பார்த்தேன்.
இறங்கி, ஈரக் கையுறையைக் கழற்றி,
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.
அதே இரண்டு சொற்கள்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

கோதுமை கிளைட் ஆற்றுத் துறையில் இறங்கியது.
எடை குறையவில்லை என்று துறைக் குமாஸ்தா சொன்னார்.

இப்போது ஹல்லில் மாவு ஆலையில் வேலை,
வண்டி எடை போடுபவன்.
மாலையில் பேருந்தில் ஏறியதும்
கை தானாகச் சட்டைப் பையைத் துழாவும்.
கிளம்பி ஒன்பது மணி நேரம்,
காற்று வடகிழக்கு,
வீடு இந்நேரம் எங்கே?
கன்ஸ்டபிள் தெருவில் இறங்குகிறேன்.
அங்கேயே இருக்கிறது.
எனிட் விளக்குப் போட்டிருக்கிறாள்.
ஒரு நிமிடம் வாசலுக்கு வெளியே
நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.